நிறுவனத்தின் கேள்வியும் மாணவர் குழுவின் விடையும்

மேலாண்மைக் கல்வியில் நெடுங்காலமாகக் கோலோச்சி வருவது, ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1920களில் வேரூன்றச் செய்த நிகழ்வாய்வு முறையாகும். ஒரு நிறுவனம் எப்போதோ எதிர்கொண்ட சிக்கலைச் சில பக்கங்களில் எழுதிக் கொடுத்து, அதன் தலைவருடைய நாற்காலியில் அமர்ந்திருந்தால் எந்த முடிவை எடுப்பது என்று மாணவர்களை விவாதிக்க வைக்கும் அம்முறையில், வேண்டிய விவரங்களை நிகழ்வாய்வை எழுதியவரே பொறுக்கி அடுக்கித் தந்துவிடுகிறார். மாணவர் தவறாக முடிவெடுத்தாலும் எவருக்கும் நட்டமில்லை. இக்குறையை உணர்ந்தே, இன்னும் விடை கிடைக்காத வணிகச் சிக்கலை ஓர் உண்மையான நிறுவனத்திடமிருந்து பெற்று மாணவர் குழுவிடம் ஒப்படைக்கும் பயிற்சிகள் தோன்றின. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ராஸ் வணிகப் பள்ளி 1992 முதல் தன் எம்.பி.ஏ. மாணவர்களை இவ்வகைப் பணியில் ஏழு வாரங்கள் ஈடுபடுத்தி வருகிறது. எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளியில், ரிச்சர்ட் லாக்கும், பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற சைமன் ஜான்சனும் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஜி-லேப், மாணவர்களை முதலில் தொலைவிலிருந்து ஆராயச் செய்து, பின்னர் வெளிநாட்டு நிறுவனத்துக்கே அனுப்பி வைக்கிறது. நிகழ்வாய்வு முறையின் தாயகமான ஹார்வர்டே, நிதின் நோரியா தலைமையேற்ற பின்னர், 2011இல் இத்தகைய களப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது என்பது காற்று எத்திசையில் வீசுகிறது என்பதைக் காட்டும்.

ஆனால் இவையெல்லாம் வசதி படைத்த பள்ளிகளுக்கே இயலும் முயற்சிகள். விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் எண்ணிப் பார்த்தால், சாதாரணக் கல்லூரி எட்டவே நின்றுகொள்ள வேண்டியதுதான். அந்த வகையில், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் பன்னாட்டு வணிகம் கற்பிக்கும் வாசில் தாராஸ் 2010இல் தொடங்கிய எக்ஸ்-கல்ச்சர் என்னும் திட்டமே கூடுதல் கவனத்துக்கு உரியது. ஏழு நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 மாணவர்களுடன் தொடங்கிய இதில் இப்போது ஒவ்வொரு பருவத்திலும் பல கண்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கலந்துகொள்கின்றனர். எவரும் ஊரைவிட்டு நகர்வதில்லை. ஆசிரியர் தம் வகுப்பைப் பதிவு செய்துகொள்ள, ஒவ்வொருவரும் வெவ்வேறு நாட்டவராக அமையும் சிறு குழுக்கள் உருவாக்கப்பட்டு, பங்காளி நிறுவனங்கள் முன்வைக்கும் சிக்கல்களில் ஒன்றைத் தேர்ந்து, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அறிக்கை அளிக்கின்றன.

நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பது, தங்கள் பொருளை எந்த அயல்நாட்டில், எவ்வழியில் விற்பது என்பதுதான். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குள் இறங்கினால், பாடநூலில் தனித்தனி இயல்களாகக் கிடந்தவை ஒன்றையொன்று இழுக்கத் தொடங்குகின்றன. முதலில் பொருளின் சுங்க வகைப்பாட்டு எண்ணைக் கண்டறிய வேண்டும். உலகச் சுங்க அமைப்பின் ஆறிலக்க முறைப்படி வறுத்த காப்பிக்கொட்டை 0901 என்ற தலைப்பிலும், வெந்நீரில் கரையும் உடனடிக் காப்பித்தூள் 2101 என்ற தலைப்பிலும் அடங்குவதால், ஒரே கடையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பொட்டலங்களுக்கும் இறக்குமதி வரி வேறுபடக்கூடும். அடுத்து வருவது தொலைவு பற்றிய கணக்கு. நாடுகளுக்கிடையே நில அளவில் மட்டுமன்றி, பண்பாட்டிலும் ஆட்சிமுறையிலும் பொருளாதாரத்திலும் தொலைவு உண்டு என்று பங்கஜ் கெமாவட் 2001இல் எழுதிய கட்டுரை வாதிட்டது. எல்லையைத் தொட்டுக் கிடக்கும் பாகிஸ்தான் இந்திய வணிகருக்கு எட்டாத சந்தையாகவும், கடல்கள் கடந்த பிரிட்டன் மொழியாலும் சட்ட மரபாலும் அணுக்கமான சந்தையாகவும் இருப்பது இதற்குச் சான்று. அதன்பின், பொருளை ஏற்றுமதி செய்வதா, அந்நாட்டு நிறுவனம் ஒன்றுக்குத் தயாரிப்பு உரிமம் வழங்குவதா, கூட்டு முயற்சியில் இறங்குவதா, சொந்த ஆலையே அமைப்பதா என்ற நுழைவுமுறைத் தேர்வு இருக்கிறது. சரக்கு எந்த இடத்தைத் தாண்டிய பிறகு அதன் இழப்புப் பொறுப்பு வாங்குபவரைச் சேரும் என்பதை வரையறுக்கும் இன்கோடெர்ம்ஸ் விதிகளும் இருக்கின்றன. பன்னாட்டு வணிகக் கூட்டமைப்பு 1936 முதல் வெளியிட்டு வரும் இவ்விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர், விலைப்புள்ளி தயாரிக்கும்போதுதான் அவற்றில் பணம் ஒளிந்திருப்பதைக் காண்கிறார்.

எனினும் மாணவர்கள் பெரிதும் திணறுவது இவற்றில் அன்று, குழுவை நடத்துவதில்தான். பொகோட்டாவில் காலை 7 மணி என்றால் சென்னையில் மாலை 5.30, மணிலாவில் இரவு 8. ஒருவர் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னொருவர் உறங்கச் செல்கிறார். ஒரு நாட்டில் மௌனம் இசைவைக் குறிக்க, வேறொரு நாட்டில் அது மறுப்பாகவும் இருக்கலாம். இவற்றுக்கு மேல், தேர்வடத்தைத் தொட்டபடியே இழுக்காமல் நடந்து வருபவர் எல்லாக் குழுவிலும் ஒருவராவது உண்டு. நேரில் கூடும் குழுவில் கண்ணுக்கு அகப்படும் இவர், திரைக்கு அப்பால் இருக்கும்போது இணைய இணைப்பு சரியில்லை என்ற ஒற்றை வரியில் தப்பிவிட முடியும். எக்ஸ்-கல்ச்சர் இதற்கு வைத்திருக்கும் மருந்து, உறுப்பினர்கள் ஒருவரையொருவர் தொடர்ந்து மதிப்பிடும் ஏற்பாடாகும். சக மாணவர்களிடம் மிகக் குறைந்த மதிப்பீடு பெறுபவர் குழுவிலிருந்து விலக்கப்படுவதும் உண்டு. கடுமையானதாகத் தோன்றினாலும் இது நியாயமான ஏற்பாடே, ஏனெனில் உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே மதிப்பெண் வழங்கும் குழுப்பணி, ஒத்துழைப்பைக் கற்பிப்பதற்கு மாறாக மனக்கசப்பையே கற்பிக்கிறது.

இத்தனை குழுக்கள் ஒரே வகைப் பணியைச் செய்வதால், தாராசும் அவருடைய சக ஆய்வாளர்களும் பன்முகத்தன்மை குழுவுக்கு நன்மையா தீமையா என்ற பழைய கேள்வியைப் பெருந்திரளான தரவுகளைக் கொண்டு ஆராய முடிந்தது. வயது, மொழித்திறன், விழுமியங்கள் போன்ற தனிமனித வேறுபாடுகள் குழுவின் நல்லுறவைக் குலைக்க முனைகின்றன என்றும், உறுப்பினர்கள் வாழும் நாடுகளின் பொருளாதார நிலை, அரசியல் அமைப்பு போன்ற சூழல் வேறுபாடுகள் பணியின் தரத்தை உயர்த்த உதவுகின்றன என்றும் அவர்கள் பிரித்துக் காட்டினர். பல நாட்டார் கூடினாலே புதுமை பிறக்கும் என்ற மேடைப் பேச்சைவிட இது பயனுள்ள முடிவு. வேறுபட்ட சந்தைகளை அறிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கிடையே பேச்சு முறியாமல் காப்பதற்குத் தனியே உழைக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் நடைமுறை.

பங்காளி நிறுவனத்தின் பங்கைப் பற்றித்தான் சற்றுக் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. பல நாடுகளில் வாழும் இளைஞர்கள் தங்கள் உள்ளூர்ச் சந்தையைக் கடை கடையாக விசாரித்து எழுதும் அறிக்கை, ஏற்றுமதிப் பிரிவே இல்லாத சிறு நிறுவனத்துக்குக் கிடைத்தற்கரிய பொருள். ஆனால் விற்பனைக் கணக்கையும் உற்பத்திச் செலவையும் மறைத்துக்கொண்டு, இணையதளத்தில் உள்ள விளம்பரச் செய்தியை மட்டும் கொடுத்துவிட்டுப் புதிய உத்தி கேட்கும் நிறுவனத்துக்கு எவ்வளவு திறமையான குழுவாலும் பொதுப்படையான அறிவுரைக்கு மேல் எதையும் தர இயலாது. அத்தகைய பணி, உண்மையான நிறுவனத்தின் பெயர் ஒட்டப்பட்ட மற்றுமொரு வகுப்புக் கட்டுரைதான். செலவுக் கணக்கைக் காட்ட முடியாவிட்டாலும், கேள்வி எழுப்பினால் விடை சொல்ல ஓர் அலுவலரை நியமித்து, இறுதி அறிக்கையில் எது ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்று எழுதித் தரும் நிறுவனமே மாணவர்களுக்கு மெய்யாகக் கற்பிக்கிறது. ஆகவே இவ்வகைத் திட்டங்களில் சேர எண்ணும் கல்லூரிகள், பங்காளி நிறுவனத்தின் புகழைக் கேட்டறிவதற்கு முன்னால், மாணவர்களின் அறிக்கையை அங்கே படிக்கப்போகிறவர் யார் என்பதைக் கேட்டறிய வேண்டும்.