விசிறியும் விவேகமும்

விளையாட்டுக் கணினி வாங்கத் தந்தையார் சிறுகச் சேர்த்த பணத்தோடு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்தான். விலையுயர்ந்த புரொசசரையும் நீர்க்குளிரூட்டியையும் அவன் குறித்திருந்தான். கிராபிக்ஸ் அட்டைக்குப் பணம் எஞ்சவில்லை. திரையில் காட்சியைத் தீட்டுவது அவ்வட்டையன்றோ! ஆதலின் பட்டியலைத் திருத்தினோம்.

2022இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600, 6 கோர்கள் கொண்டது. 65 வாட் வகையினது. பெட்டியோடு வரும் விசிறியே அதற்குப் போதும். விசிறியின்றித் தனியே விற்பதும் உண்டு. கேட்டு வாங்குதல் நன்று.

வெப்பம் 90 பாகை செல்சியசை எட்டினால் புரொசசர் தன்னைக் காக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே நமது வெப்ப நாட்டிலே கணினியைச் சுவரோடு ஒட்டி வைத்தல் ஆகாது. தூசியையும் அகற்றுதல் வேண்டும். காற்றுக்கு விலையில்லை; வழிவிடுதலே நம் கடன்.