புரவிக்கு ஒரு போர்வை

உயிர்கள் ஒவ்வொன்றுக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி ஒன்றை இயற்கை அளித்துள்ளது. முள்ளியவளையைச் சூழ்ந்த வயல்வெளிகளிலே மாரிகாலத்து அந்திப்பொழுதை நோக்கினால் இவ்வுண்மை நன்கு விளங்கும். நுளம்பும் இலையானும் மொய்க்கத் தொடங்கியதும் எருமை சேற்றிற் புரண்டு, உலர்ந்த சேற்றையே கவசமாகப் பூண்டுகொள்கிறது. பசு வாலைச் சுழற்றுகிறது. பட்டிக்காரரும் பச்சிலை இட்டுப் புகைமூட்டம் எழுப்பித் துணைநிற்பர். இவையெல்லாம் இவ்வூர்க் கால்நடைகள் பழகிய காப்பு முறைகள்.

குதிரையின் நிலை வேறு. வன்னிச் சிறுவர் பலர் அதனைக் கோயில் வாகனமாகவே அறிவர். உயிருள்ள குதிரை தமிழ்நிலத்துக்குக் கடல்வழி வந்த விருந்தாளி. பாண்டிநாட்டுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகையாக இறக்குமதியான குதிரைகள் பேணத் தெரிந்தோர் இன்மையால் விரைவில் மாண்டன எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதிச் சென்றார். விருந்தாளியை அழைத்தவர்க்கு அதனைப் பேணுங் கடமையும் உண்டு என்பதற்கு இச்செய்தி சான்றாகும்.

குதிரைக்கும் இயற்கைக் காப்பு இல்லாமல் இல்லை. நீண்ட வாலும் பிடரிமயிரும் ஈயை ஓட்டும். தோலின் கீழுள்ள மெல்லிய தசை, ஈ அமர்ந்த இடத்தையே சிலிர்த்து உதறும். இரு குதிரைகள் தலைக்கு வாலாக நின்று ஒன்றன் முகத்தில் மொய்ப்பதை மற்றொன்று விசிறும். நெடுந்தீவில் இன்றும் கட்டின்றித் திரியும் குதிரைகள் காற்று வீசும் வெளியை நாடிச் செல்ல இயலும். கயிற்றிற் கட்டுண்ட தனிக்குதிரைக்கோ துணையுமில்லை, ஓட இடமுமில்லை. மனிதன் பறித்துக்கொண்ட இக்காப்பை மனிதனே திருப்பித் தருதல் வேண்டும். ஈத்தடுப்பு முகவலையும் உடற்போர்வையும் இக்கருத்தாலேயே தேவைப்படுகின்றன.

பூச்சிக்கடியை வெறுந் தொல்லையென்று தள்ளிவிடலாகாது. 1 முதல் 3 மில்லிமீற்றர் வரை நீளமுள்ள ஒருவகைக் குருதியுண்ணும் கொசுவின் உமிழ்நீர் சில குதிரைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். பிடரியும் வாலடியும் தாங்கொணாது அரிக்கும். குதிரை மரத்தில் உராய்ந்து உராய்ந்து மயிர் உதிர்ந்து புண்ணாகும். இக்கொசுவை அறியாது பிறந்து வளர்ந்த ஐஸ்லாந்துக் குதிரைகள் ஐரோப்பியப் பெருநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டபின் பெருமளவில் இந்நோய்க்கு ஆளாதல் கண்டறியப்பட்டுள்ளது. குருதியுண்ணும் குதிரையீக்கள் நோயையும் பரப்புவன. 1880 இல் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் அன்றைய பஞ்சாபிலே, ‘சுர்ரா’ நோயுற்ற குதிரை ஒட்டகங்களின் குருதியில் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். அந்நோயைப் பரப்புவன இவ்வகை ஈக்களே எனப் பின்னர் தெளிவாயிற்று.

ஆதலின், போர்வையைத் தெரிவு செய்யுமுன் கடிப்பது எது, எப்பொழுது, எங்கே என்று ஆராய்தல் முதற்படியாகும். குதிரையீ வெயிலிற் பறந்து உடலெங்குங் கடிக்கும். இலையானை ஒத்த தோற்றமுடைய லாயத்து ஈ பெரும்பாலும் கால்களை நாடும். அதற்குக் காலுறையே ஏற்றது. கண்ணோரத்து நீரை நக்கும் இலையானுக்கு முகவலை போதும். ஒவ்வாமை தரும் கொசுவோ விடியலிலும் அந்தியிலும் மிகும். நுளம்பு வலையின் கண்ணூடாகவும் நுழையத்தக்க சிற்றுடல் அதற்குண்டு. ஆகவே, அதனால் வருந்தும் குதிரைக்கு மிக நெருக்கமாக நெய்த துணியில், கழுத்தையும் வயிற்றையும் வாலடியையும் சேர்த்து மூடும் முழுப்போர்வை வேண்டும். முதுகை மட்டும் மூடும் போர்வை இங்குப் பயன்படாது.

நிறமும் கருதத்தக்கது. கருநிற உடலே குதிரையீயை மிகுதியாக ஈர்க்கிறது என்றும் வெண்குதிரை குறைவாகவே கடிபடுகிறது என்றும் ஹங்கேரி ஆய்வாளர் 2010 இல் வெளியிட்டனர். 2019 இல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் வரிக்குதிரை போன்ற வரிகளையுடைய போர்வை அணிந்த குதிரைமீது, கறுப்பு அல்லது வெள்ளைப் போர்வை அணிந்த குதிரையிலும் குறைந்த ஈக்களே அமர்ந்தன. ஆயினும், மூடாத தலையில் அமர்ந்த ஈக்களின் தொகையில் வேறுபாடு இல்லை. மூடிய இடத்துக்கே காப்பு என்பது இதனாற் பெறப்படும்.

வெப்பநாட்டில் மற்றொரு சிக்கலும் உளது. பூச்சியைத் தடுக்கும் நெருங்கிய நெசவு காற்றையும் தடுக்கும். குதிரை வியர்வையாலேயே உடற்சூட்டைத் தணிப்பதாதலால், தடித்த போர்வை ஒரு துன்பத்தை நீக்கி வேறொன்றை விளைவிக்கும். மெல்லிய, வெளிர்நிற, விரைவில் உலரும் துணியே நன்று. கடுவெயிலிற் போர்வையின் கீழ்க் கைவைத்துப் பார்த்து, ஈரமும் சூடும் மிகுமாயின் அகற்றி நிழலிற் கட்டுதல் வேண்டும். முகவலை கண்ணையும் இமையையும் தொடாது குவிந்து நிற்க வேண்டும். எங்கேனும் சிக்கினால் தானே கழலத்தக்க பூட்டு உடையதாதல் வேண்டும். தோளிலும் முதுகின் மேட்டிலும் உராய்வுப் புண் உண்டோ என நாள்தோறும் நோக்குதல் கட்டாயம். அழுக்கேறிய போர்வை தானே தோல்நோய்க்கு இடமாகும். பூச்சிமருந்து ஊட்டிய துணியை மருத்துவர் ஆலோசனையுடன் கொள்க. அவ்வகை மருந்துகளுட் சில பூனைக்கு நஞ்சாவன.

போர்வை ஒன்றே போதும் என்றிருத்தலும் தவறு. கொசு வலிய காற்றில் பறக்கமாட்டாது. ஆகவே விடியலிலும் அந்தியிலும் குதிரையைக் காற்றோட்டமுள்ள கொட்டிலிற் கட்டி, இயலுமாயின் மின்விசிறி வைத்தல் சிறந்த உபாயம். சாணமும் அழுகிய வைக்கோலும் லாயத்து ஈக்குப் பிறப்பிடம். அவற்றை அன்றாடம் அகற்றுக. குளக்கரைச் சேற்றில் இக்கொசு பெருகுமாதலின் மேய்ச்சல் இடத்தையும் அதற்கு அப்பால் அமைத்தல் நலம். புண் ஆறாவிடில் கால்நடை வைத்தியரை நாடுதலே முறை.

விலையுயர்ந்த போர்வையே சிறந்தது என்பது ஒரு மயக்கம். எருமைக்குச் சேறு எதைச் செய்கின்றதோ அதைக் குதிரைக்குத் துணி செய்கின்றதா என்பதே உரைகல். வாய்திறந்து முறையிடாத உயிர் தோலைச் சிலிர்த்தும் தலையை உதறியும் தன் குறையைச் சொல்கிறது. அதனைக் கண்டு உணர்பவரே குதிரையைக் கட்டி வளர்க்கத் தக்கவர்.