மாத்திரை இலவசம், வீடு?

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ரஸ்ஸல் மார்க்கெட்டும் பௌரிங் ஆஸ்பத்திரியும் நடைதூரம்தான். ஆஸ்பத்திரியின் ஏ.ஆர்.டி. மையத்தில் எச்.ஐ.வி. மருந்து இலவசம். ஒரு காலத்தில் கைநிறைய விழுங்கினார்கள். இப்போது பெரும்பாலானோருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் அதற்குள் அடக்கம். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால், உடலுறவின் மூலம்கூடப் பிறருக்குத் தொற்றாது.

அந்தத் 'தவறாமல்' என்பதில்தான் சிக்கல்.

ஒண்டுக்குடித்தனத்திலோ பிஜி அறையிலோ இருப்பவர் டப்பாவின் லேபிளைக் கிழிக்கிறார். குலுங்கிச் சத்தம் வராதிருக்கப் பஞ்சை அடைக்கிறார். துணிகளுக்கு அடியில் ஒளிக்கிறார். அறையில் ஆள் இருந்தால் அன்றைய மாத்திரை தள்ளிப்போகும், சில நாள் விட்டும் போகும். வீட்டுக்காரர் காதுக்கு விஷயம் எட்டினால், "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்று ஒரு சாக்கு. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய பெங்களூரில் உடனே இன்னொரு வீடு பிடிப்பது லேசா?

சட்டம் இருக்கிறது. 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வாடகை வீட்டை மறுப்பதைப் பாகுபாடு என்கிறது. சொந்தபந்தங்களையும் அது விடவில்லை: சேர்ந்து வாழும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது, அங்குள்ள வசதிகளைப் பயன்படுத்துவதிலும் பேதம் பார்க்கக் கூடாது. கணவன் போனதும் மாமியார் வீட்டுத் திண்ணைக்குத் தள்ளப்பட்ட பெண்களுக்கு இது பெரிய பிடிமானம்.

விரட்டாதே என்று சொல்லும் சட்டம், விரட்டப்பட்டவர் இன்றிரவு எங்கே படுப்பது என்று சொல்வதில்லை. அந்த வேலையை 1990களிலேயே பெங்களூரில் சிலர் கையிலெடுத்தார்கள். ஃப்ரீடம் ஃபவுண்டேஷனும், சர்ஜாபூர் சாலையில் கமில்லியன் துறவியரின் ஸ்நேகதானும் படுக்கை போட்டுப் பராமரித்தன. பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், மருந்து தொடங்குவோர் சில நாள் தங்கித் தேறும் சமுதாயப் பராமரிப்பு மையங்கள் நாடெங்கும் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2013 முதல் வந்த 'விஹான்' மையங்களில் ஆலோசனை உண்டு, துணை உண்டு, படுக்கை கிடையாது.

மருந்தால் ஆட்கள் தேறிவிட்டார்கள், படுக்கை எதற்கு என்பது பாதிக் கணக்கு. தேறியவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக் கட்டில் அல்ல, பூட்டுச் சாவியுள்ள ஓர் அறை. அமெரிக்கா 1990லேயே தனிச் சட்டம் போட்டு, எச்.ஐ.வி.யுடன் வாழும் ஏழைகளுக்கு வாடகை உதவி தருகிறது. நம் திட்டங்களில் வாடகை என்ற பேச்சே அபூர்வம்.

வீடு விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: குடிவருபவர் தன் எச்.ஐ.வி. நிலையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, நீங்கள் துருவவும் வேண்டாம். துரத்தப்பட்டவர் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். 30 நாளில் உத்தரவு வர வேண்டும். விவரம் கேட்க 1097, கட்டணமில்லாத எண்.