கரண்ட் ஆபீஸ் கொடுத்த இன்டர்நெட்

கரண்ட் பில் கட்டும் ஆபீசே இன்டர்நெட்டும் கொடுத்தால்? சிரிக்காதீர்கள். அமெரிக்காவில், டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் அதுதான் நடக்கிறது. ஊருக்குச் சொந்தமான இ.பி.பி. என்ற மின் நிறுவனம், 2010-லேயே விநாடிக்கு 1 ஜிகாபிட் (ஒரு முழுப் படத்தை அரை நிமிடத்தில் இறக்கும் வேகம்) கொடுத்துவிட்டது.

கரண்ட்காரர்களுக்கு இதில் என்ன வேலை? கம்பியில் மரம் விழுந்தால் அந்தத் துண்டை மட்டும் விலக்கி, மற்ற வீடுகளுக்கு வேறு வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிடும் ஸ்விட்சுகளைப் பொருத்த நினைத்தார்கள். அவை ஒன்றோடொன்று பேச ஃபைபர் (ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழை) வேண்டும். எப்படியும் இழுக்கிற கம்பிதானே, வீடுவரை போகட்டும் என்று இழுத்துவிட்டார்கள்.

பணம்? மத்திய அரசு 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது, மீதிக்குக் கடன். கேபிள் நிறுவனங்கள் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை.

சாதாரண ஆளுக்கு என்ன லாபம்? இங்கேதான் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறக்கும் வேகம். பிழைப்புக்கு உதவுவது ஏற்றும் வேகம் (நீங்கள் அனுப்பும் வேகம்). கல்யாண வீடியோ எடிட் செய்பவர் 40 ஜிபி அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் ஒன்பது மணி நேரம் ஆகும். சட்டனூகாவில் இரண்டு வேகமும் ஒன்றே. 1 ஜிகாபிட் இணைப்பில் ஆறு நிமிடம்கூட ஆகாது. உங்கள் பிளானிலும் இந்த இரண்டாவது எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

வேலை வந்ததா? பத்தாண்டில் சுமார் 9,500 வேலைகள் என்று 2020-ல் பொருளாதாரப் பேராசிரியர் பென்டோ லோபோ கணக்கிட்டார். மின்தடை குறைந்ததால் மிஞ்சிய பணமும் அவருடைய லாபக் கணக்கில் உண்டு. ஆனால் எல்லாப் பெருமையையும் கம்பிக்கே கொடுத்துவிட வேண்டாம். அந்த ஊருக்கு வந்த வோக்ஸ்வாகன் கார் தொழிற்சாலை, இந்த இன்டர்நெட் வருவதற்கு முன்பு 2008-லேயே முடிவான விஷயம்.

வசதியில்லாதவர்கள்? கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது, ஏழை மாணவர்களின் வீடுகளுக்கு இலவச இணைப்பு கொடுத்தார்கள். சுமார் 28,000 பிள்ளைகள் அதற்குத் தகுதி பெற்றார்கள்.

பக்கத்து ஊருக்கும் நீட்டலாமே? மாநிலச் சட்டம் விடவில்லை. எந்த எல்லைவரை மின்சாரம் கொடுக்கிறார்களோ, அதுவரைதான் இன்டர்நெட். 2015-ல் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் அந்தத் தடையை நீக்கியது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், நாலு கம்பம் தள்ளி முடிந்துபோகும் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.