பத்துக்குப் பத்து அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

"அவன் என்னடா சொன்னான்?"

படம் ஓட ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்பா கேட்கிற கேள்வி இது. அவருக்கு வயது 74. வயசுக்கு உரிய குறைவுதான், பெரிசா ஒண்ணுமில்லைன்னு காது டாக்டர் சொல்லிட்டார். என் கம்ப்யூட்டரில்தான் படம் பார்ப்பார். அதுக்காகவே ஒரு 5.1 செட் வாங்கி வெச்சேன். சண்டைக் காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிரும், ஆனா வசனம் மட்டும் புரியாது. வால்யூமைக் கூட்டினா அடுத்து வர்ற பாட்டு பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பும்.

அதே அறையில் அக்கா மகன் கேம் ஆடுவான். "மாமா, எந்தப் பக்கம் சுடுறான்னே தெரியலை" என்பது அவன் குறை. எனக்கோ ராத்திரி கச்சேரி கேட்கணும். மூணு பேர், மூணு தேவை, ஒரே ஸ்பீக்கர். இதைச் சரிசெய்யப் போய் நான் படிச்சதும், அறையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு.

முதலில் வாட்ஸ் விஷயம். கடையில் அட்டைப்பெட்டியின் மேல் 10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். பி.எம்.பி.ஓ. என்பதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவீட்டு முறையே கிடையாது. ஒரு நொடியின் துணுக்கில் வரக்கூடிய உச்சத்தைக் கற்பனை செய்து எழுதும் எண் அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். அதையும் சந்தேகப்பட்டால் பின்பக்கம் திருப்பி, அடாப்டரில் எழுதியிருப்பதைப் படிங்க. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட்ஸ்தான் உள்ளே போகிறது. உள்ளே போவதை விட அதிகமாகத் தொடர்ந்து வெளியே வர முடியாது. நான் வாங்கின 5.1 செட்டை இப்படித் திருப்பிப் பார்த்தது வாங்கி எட்டு மாசம் கழிச்சு. சரி, விடுங்க.

நமக்கு எத்தனை வாட்ஸ் தேவை? ஒரு சாதாரண ஸ்பீக்கர் 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவு சத்தம் தரும் என்று வைத்துக்கொள்வோம். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும், இரட்டிப்பானால் 6 குறையும். மேசையில் உட்கார்ந்து அரை மீட்டரில் கேட்கிறவருக்கு அந்த 1 வாட்டிலேயே 91 டெசிபல் கிடைத்துவிடும். சராசரியாக 75 டெசிபலில் கேட்கிறோம், தவில் அடியோ வெடிச் சத்தமோ வரும்போது 95 வரை எகிறணும் என்றால் மேசைக்கு வேண்டியது இரண்டரை வாட்ஸ். 2 மீட்டர் தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அதே அளவு கேட்கணும்னா சுமார் 40 வாட்ஸ் வேண்டும். சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியும் உதவுவதால் நடைமுறையில் இன்னும் குறைவாகவே போதும். ஆக, நம்ம வீட்டு அறைக்கு 500 வாட்ஸ் செட் தேவையே இல்லை. இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுத்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றணும்னா ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் கொடுக்கணும்.

இப்போ 5.1-க்கு வருகிறேன். இதில்தான் நான் ஏமாந்தேன். 5.1 கலவையில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குப் போகும். இசை, சூழல் ஒலி எல்லாம் இடம், வலம், பின்பக்கம் என்று பிரியும். அந்த '.1' என்பது 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டுமான தனித் தடம். வசனத்துக்குத் தனி ஸ்பீக்கர் இருப்பதால் அதை மட்டும் கொஞ்சம் உயர்த்தலாம். வயசானவங்களுக்கு இது பெரிய வரம். ஆனா அந்த ஆறு தடமும் கம்ப்யூட்டரில் இருந்து ஸ்பீக்கருக்குத் தனித்தனியாக வந்து சேரணும். டெஸ்க்டாப்பின் பின்னால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று ஜாக் இருந்தால் பச்சை முன்பக்கம், கறுப்பு பின்பக்கம், ஆரஞ்சு நடுவும் சப்-ஊஃபரும். இல்லேன்னா ஆப்டிகல் ஒயரில் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ் ஆகவோ அனுப்பி, ஸ்பீக்கர் செட் அதைப் பிரித்தெடுக்கணும். லாஜிடெக் இசட்906 மாதிரி விலை கூடிய செட்கள் இதைச் செய்யும்.

என்னுடையது? லேப்டாப்பில் ஒரே ஒரு ஹெட்ஃபோன் ஜாக். அதிலிருந்து வருவது இரண்டு தடம் மட்டும். ஸ்பீக்கர் செட்டிலும் பின்னால் ஒரே ஒரு ஸ்டீரியோ இன்புட்தான். உள்ளே என்ன நடக்கிறதென்றால், அந்த இரண்டு தடத்தையே ஐந்து பெட்டிக்கும் நகல் எடுத்து அனுப்புகிறார்கள். நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலும் வசனம், பாட்டு, சத்தம் எல்லாம் ஒரே குழம்பு. பின்னால் இருப்பதிலும் அதே. புளூடூத், பென் டிரைவ், எஃப்.எம். ரேடியோ எல்லாம் சேர்த்து மலிவாக விற்கும் 5.1 செட்களில் பலவும் இந்த வகைதான். பெட்டி எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீங்க, பின்பக்கத் துளைகளை எண்ணிப் பாருங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரரிடம் "பின்னாடி காட்டுங்கண்ணே" என்று கேட்டால் அவரே சிரித்துவிடுவார்.

அடுத்தது 2.1. இரண்டு சின்னப் பெட்டி, கீழே ஒரு சப்-ஊஃபர். நம்ம ஊரில் அதிகம் விற்பது இதுதான் என்று நினைக்கிறேன். இதில் உள்ள சிக்கல் கேட்டவுடன் தெரியாது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் சப்-ஊஃபரை மூலையில் ஒளித்து வைக்க முடிகிறது. டிஹெச்எக்ஸ் தரத்திலும் பிரிக்கும் எல்லை 80 ஹெர்ட்ஸ்தான். ஆனால் 2 அங்குலம், 3 அங்குலம் உள்ள சின்னப் பெட்டிகளால் 80 வரை இறங்க முடியாது. 150, 200 ஹெர்ட்ஸிலேயே மூச்சு வாங்கும். எனவே அதற்குக் கீழே உள்ள எல்லாமே சப்-ஊஃபருக்குத் தள்ளப்படும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 85-ல் இருந்து 180 ஹெர்ட்ஸ். அதாவது நாயகனின் குரலில் பாதி மேசை மேலிருந்தும் மீதி மேசைக்கு அடியிலிருந்தும் வரும். 

இதைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி மிருதங்கம். தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்க. வலந்தலை கண்ணெதிரேயும் தொப்பி முழங்காலுக்குப் பக்கத்திலும் கேட்டால், வாத்தியத்தை ரெண்டா வெட்டிட்டாங்கன்னு அர்த்தம். தொப்பியின் குமுக்கு எல்லாமே ஒரே சுருதியில் 'தொம் தொம்' என்று கேட்டால் அது இன்னொரு வியாதி.

அந்த இரண்டாவது வியாதிக்குக் காரணம் ஸ்பீக்கர் மட்டும் இல்லை, அறையும்தான். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிரெதிர் சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே கூடச் சேர்ந்து பாட ஆரம்பிக்கும். கணக்கு எளிது: 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்கணும். 10 அடி என்றால் 3.05 மீட்டர். விடை 56 ஹெர்ட்ஸ். நம்ம அடுக்குமாடி அறைகள் பத்துக்குப் பத்து, உயரமும் ஏறக்குறைய பத்து. மூன்று திசையும் அதே 56-ல் வந்து சேர்ந்துகொள்கிறது. ஒலிக்கு இதை விட மோசமான வடிவம் கிடையாது, கனசதுரம்! கட்டிலோ பீரோவோ இந்த அலையை ஒன்றும் செய்யாது, ஏன்னா அதன் நீளமே 6 மீட்டர். புடவை அடுக்கின திறந்த அலமாரி, மெத்தை, திரைச்சீலை எல்லாம் கூர்மையான ஒலியின் எதிரொலியைத்தான் குறைக்கும். டைல்ஸ் தரை போட்ட அறையில் அதுவும் வேண்டியதே. ஒருமுறை கை தட்டிப் பாருங்க, 'ட்ரிங்' என்று வால் நீண்டால் வசனம் தெளிவாக இருக்காது.

சப்-ஊஃபரை மூலையில் வைத்தால் 56-ல் உள்ள இந்த வீக்கம் அதிகமாகும். என்ன செய்யலாம்? சப்-ஊஃபரை நீங்க உட்காரும் நாற்காலியில் தூக்கி வைங்க. தாழ்ந்த சுரங்கள் நிறைய உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டுத் தரையில் தவழ்ந்தபடி அறையைச் சுற்றுங்க. எந்த இடத்தில் எல்லா சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்-ஊஃபரை வைத்துவிட்டு நீங்க நாற்காலிக்குத் திரும்பலாம். நான் தவழும்போது அம்மா வந்து "என்னத்தைத் தொலைச்சே?" என்று கேட்டது தனிக் கதை. எங்க அறையில் கதவுக்குப் பக்கத்துச் சுவரின் நடுப்பகுதி சரியாக வந்தது.

அப்பாவின் சிக்கலுக்கு வருவோம். வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை. உயிர் ஒலிகளின் பலம் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது; ச, த, ப, க போன்ற மெய்களை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்துக் காட்டும் நுணுக்கம் 2,000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும். அதனால் 'யாரோ பேசறாங்க' என்று கேட்கும், 'என்ன பேசறாங்க' என்று புரியாது. இதில் வால்யூமைக் கூட்டினால் பாஸும் சேர்ந்து கூடி, மெய்களை இன்னும் மூடும். நான் செய்தது நேர்மாறு. 5.1 செட்டை ஓரம் கட்டிவிட்டு 4 அங்குல ஊஃபரும் தனி ட்வீட்டரும் உள்ள 2.0 ஜோடி ஒன்றை வைத்தேன். எடிஃபையர் ஆர்1280டி மாதிரியான வகை. அதற்கு மொத்தம் 42 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., 13 மி.மீ. ட்வீட்டர். குரல் முழுக்க ஒரே பெட்டியிலிருந்து வரும். பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினேன்.

ஆனாலும் முதல் நாள் அதே கேள்வி. அப்புறம்தான் கவனிச்சேன். அப்பா கட்டிலின் இடது ஓரத்தில் உட்காருவார். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவு வரும் வசனம் நடுவில் இருப்பதுபோல் தோன்றுவது நடுவில் உட்காருகிறவருக்குத்தான். ஓரத்தில் இருப்பவருக்கு அருகில் உள்ள பெட்டியே பேசும். மற்றது கொஞ்சம் தாமதமாக வந்து கலங்கலாக்கும். பெட்டிகள் வேறு மேசையில் அவர் காதுக்கு ஓரடி கீழே இருந்தன. ட்வீட்டரின் ஒலி குறுகலாகப் போகும், நேராகக் காதைப் பார்க்கணும். மேசையைக் கட்டிலின் எதிரே நகர்த்தி, பெட்டிகளுக்கு அடியில் பழைய டிக்‌ஷனரி இரண்டை வைத்து உயர்த்தி, அவரை நடுவில் உட்கார வைத்தேன். படம் முடியும்வரை கேள்வி இரண்டே தடவை வந்தது. அதில் ஒன்று வசனம் புரியாததால் இல்லை, கதை புரியாததால்.

கேமுக்கு இந்த ஜோடி அவ்வளவாக உதவாது. ஒலி எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிப்பது, இரண்டு காதுகளுக்கும் அது வந்துசேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்து. அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே 0.7 மில்லி நொடிக்குள். முன்னா பின்னா என்பதைக் காது மடலின் வடிவம் ஒலியில் செய்யும் மாற்றம் சொல்லும். ஸ்பீக்கரில் இடது பெட்டியை வலது காதும் கேட்கும், எனவே இந்தக் குறிப்பு கலைந்துபோகும். ஹெட்ஃபோனில் கலையாது. வேலரன்ட் போன்ற கேம்களில் ஹெச்.ஆர்.டி.எஃப். என்று ஒரு செட்டிங் உண்டு, காது மடலின் வேலையை மென்பொருளே செய்யும். அதை ஆன் செய்தால் ஹெட்ஃபோனின் சொந்த 7.1 பட்டனை ஆஃப் செய்யணும். இரண்டும் சேர்ந்தால் சாம்பாரில் ரசம் கலந்த மாதிரி. அவனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒயர் உள்ள சாதாரண ஸ்டீரியோ ஹெட்ஃபோன். ஒயர்தான் வேண்டும், ஏன்னா புளூடூத்தில் ஒலி சாதாரணமாகவே 100, 200 மில்லி நொடி தாமதமாக வரும். படம் ஓடும்போது பிளேயர் அதற்கேற்ப காட்சியைத் தாமதப்படுத்திச் சரிக்கட்டும். கேமில் அப்படிச் செய்ய வழியில்லை.

ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை பெரியவங்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், சிறுவர்களுக்கு 75 டெசிபல். 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும். 12 டெசிபல் கூட்டி 87-ல் கேட்டால் அவனுக்கு வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். அப்பாவின் காதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைச் சொன்னதால் மறுபேச்சு இல்லை.

கடைசியாக ஒன்று. புது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் இருந்தது, கடைக்குத் திருப்பக் கிளம்பிட்டேன். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினதும் நின்றது. அது ஸ்பீக்கரின் குறை இல்லை. சார்ஜரும் ஸ்பீக்கரும் வேறு வேறு ப்ளக்கில் இருந்து, எர்த் வழியாக ஒரு சுற்று உண்டாகி, நம்ம மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஆடியோ ஒயரில் நுழைவது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன், பெரும்பகுதி போயிடுச்சு. மிச்சம் இருப்பது ராத்திரி ஃபேனை நிறுத்தினா மட்டும் கேட்கும். சென்னையில் ஃபேனை நிறுத்துவது எப்போ?