வலி மாத்திரையும் நெல்லிக்காயும்

ஆரணியில் ஒரு பட்டுச்சேலை உருவாக நெசவாளர் குழித்தறிக்குள் கால்களை இறக்கி, மிதியை மாற்றி மாற்றி அழுத்தியபடி நாள்கணக்கில் குனிந்தே உட்கார வேண்டும். இடுப்பும் முழங்காலும் எத்தனை காலம்தான் தாங்கும்? மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் வலியை அடக்கிவிடும். ஆனால், அவற்றையே தினமும் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

இந்தப் பாதிப்புக்கான காரணத்தின் முதல் பாதியை 1971-இல் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஜான் வேன். 1982-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆஸ்பிரின் வகை மருந்துகள், உடலில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று அவர் காட்டினார். வலியையும் வீக்கத்தையும் கூட்டும் இப்பொருளுக்கு வேறு வேலைகளும் உண்டு. இரைப்பையை அமிலம் அரிக்காதபடி சளிப்படலத்தைச் சுரக்க வைப்பதும், உடலில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் நுண் இரத்தக்குழாய்கள் சுருங்காமல் காப்பதும் இதுவே.

மறுபாதி செல்லுக்குள் நடக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவை மாத்திரை குலைக்க, வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி இரைப்பைச் சுவரின் செல்களை அழிக்கின்றன. இவற்றை அடக்குபவைதான் ஆன்டிஆக்சிடன்ட்கள். கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவன ஆய்வாளர்கள், இண்டோமெதசின் என்ற வலி மருந்தால் எலிகளுக்கு வரும் இரைப்பைப் புண்ணை மஞ்சளின் குர்குமின் தடுப்பதை 2005-இல் வெளியிட்டார்கள். நெல்லிக்காயிலும் கடுக்காயிலும் உள்ள காலிக் அமிலமும் அவ்வாறே காப்பதை 2010-இல் காட்டினார்கள். சிறுநீரகம் குறித்தும் விலங்குச் சோதனைகள் நம்பிக்கை தருகின்றன.

ஆனால், எலிக்குத் தந்தது பிரித்தெடுத்த பொருள், அளந்த அளவு. குழம்பில் போடும் மஞ்சளிலிருந்து குடல் உறிஞ்சும் குர்குமின் மிகச் சொற்பம். அதைவிட முக்கியமானது: ஆன்டிஆக்சிடன்ட் இரண்டாம் பாதியைத்தான் சமாளிக்கும், நின்றுபோன புரோஸ்டாகிளாண்டினை அது ஈடுகட்டாது. நெல்லிக்காய் தின்கிறோமே என்ற தைரியத்தில் இன்னொரு மாத்திரை போடுவது ஆபத்து.

ஆகவே நெல்லியைச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையைக் குறைந்த அளவில், குறைந்த நாள்களுக்கு மட்டும், வெறும் வயிற்றில் அல்லாமல் போடுங்கள். கோடையில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மலம் தார்போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.