தாத்தா காலத்துக் கோடை

நண்பர்களே, கத்திரி வெயிலில் பருத்தித் துணி ஏன் சுகமா இருக்கு தெரியுமா? 100 கிராம் பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. பருத்தி உறிஞ்சிய வியர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகிறது. தொளதொளன்னு இருந்தால் காற்றும் உள்ளே புகும்.

எங்க தாத்தா சின்ன வயசில் காடாத்துணி டவுசரோடு மே மாசம் முழுக்கத் தெருவில்தானாம். கிட்டிப்புள், கிணத்து நீச்சல், நுங்கு வண்டி! தின்ற இரண்டு நுங்குக் காயைக் குச்சியில் கோர்த்து, கவைக்கம்பால் தள்ளினால் வண்டி ஓடும். பைசா செலவில்லை. கேட்கக் கேட்க எனக்கு ஏக்கம்தான். நாமோ உடம்பில் ஒட்டுகிற பாலியஸ்டர் சட்டையில், ஃபேனுக்கு அடியில்!

ஆசிரியப் பெருமக்களே, கோடையில் விளையாட்டு வகுப்புக்காவது பருத்திச் சட்டை போட அனுமதிப்பீர்களா?